பைனாகுலரை உங்கள் கண்ணுக்கு ஏற்பச் சரிசெய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்களுக்கும் குன்றுகளுக்கும் பறவை பார்க்க வருகிறவர்கள் பலரும் நல்ல விலை கொடுத்து வாங்கிய பைனாகுலரை வைத்திருக்கிறார்கள். ஆனால் அதன் வலது ஐபீஸில், அதாவது கண்ணை வைத்துப் பார்க்கும் பகுதியில் இருக்கும் டயாப்டர் வளையத்தைத் தம் கண்ணுக்கு ஏற்பத் திருப்பி வைத்திருக்கிறார்களா என்று கேட்டால், அப்படி ஒரு வளையம் இருப்பதே பெரும்பாலோருக்குத் தெரிவதில்லை. அரை மணி நேரம் பார்த்ததும் நெற்றி வலிக்கிறது, கண்ணில் நீர் கோர்க்கிறது, படம் தெளிவாக இருப்பதுபோலவும் இல்லாததுபோலவும் தோன்றுகிறது என்று அவர்கள் சொல்லும் குறைகளுக்குப் பெரும்பாலும் அந்த வளையமே காரணம். கருவியை மாற்றத் தேவையில்லை. அதை ஒருமுறை பொறுமையாகச் சரிசெய்தால் போதும். அதை எப்படிச் செய்வது, ஏன் குறிப்பிட்ட வரிசையில்தான் செய்ய வேண்டும் என்பதைக் காரணத்தோடு இங்கே விளக்குகிறேன். காரணம் புரியாமல் வெறும் படிகளை மனப்பாடம் செய்தவர்கள் அடுத்த வாரமே மறந்துவிடுகிறார்கள்.

எது எதை நகர்த்துகிறது

நடுவில் இருக்கும் ஃபோகஸ் சக்கரத்தைத் திருப்பினால் இடது குழல், வலது குழல் இரண்டின் ஃபோகஸும் சேர்ந்தே நகரும். டயாப்டர் வளையம் ஒரு குழலை மட்டும், வழக்கமாக வலது குழலை மட்டும் நகர்த்தும். நம் இரண்டு கண்களின் பார்வையும் அச்சாக ஒன்றுபோல் இருப்பது அரிது என்பதால், அந்த வேறுபாட்டை ஈடுகட்டுவதே இந்த வளையத்தின் வேலை. அதன்மேல் பிளஸ், பூஜ்யம், மைனஸ் என்ற குறிகள் இருக்கும். பல கருவிகளில் அது இரு பக்கமும் ஏறக்குறைய மூன்று முதல் நான்கு டயாப்டர் வரை நகரும். கண்ணாடியின் பவரைச் சொல்லும் அலகின் பெயரும் டயாப்டர்தான்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒருவருக்கு இடது கண்ணில் மைனஸ் 2, வலது கண்ணில் மைனஸ் 3.5 பவர் என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவர் பைனாகுலரைப் பிடித்தால், இரண்டு கண்ணுக்கும் பொதுவான மைனஸ் 2-ஐ நடுச்சக்கரம் பார்த்துக்கொள்ளும், மீதமுள்ள 1.5 டயாப்டர் வேறுபாட்டை வளையம் மைனஸ் பக்கம் நகர்ந்து ஈடுகட்டும். ஆக, வளையம் காட்டுவது கண்ணாடியின் பவரையல்ல, இரு கண்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தையே. கண்ணாடிச் சீட்டில் உள்ள எண்ணைப் பார்த்து நேராக வளையத்தை அந்த இடத்தில் வைப்பவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள்.

ஒரு சில கருவிகளில் வளையம் இடது பக்கம் இருக்கும். வேறு சிலவற்றில் நடுச்சக்கரத்தை வெளியே இழுத்தால் அதுவே டயாப்டராக மாறும். உங்கள் கருவியில் எந்தக் குழல் வளையத்தால் நகர்கிறது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். கீழே நான் வலது என்று சொல்லும் இடங்களை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். படகுகளில் பயன்படும் சில பைனாகுலர்களில் நடுச்சக்கரமே இருக்காது. அவற்றில் ஒவ்வொரு ஐபீஸையும் தனித்தனியே திருப்ப வேண்டும்.

கண் செய்யும் சமாளிப்பு

இந்த வேலையில் மிகவும் கவனிக்க வேண்டியது இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் தானாகவே வடிவம் மாறி, கிட்டத்தில் உள்ளதையும் தூரத்தில் உள்ளதையும் தெளிவாக்கிக்கொள்ளும். பைனாகுலரின் ஃபோகஸ் கொஞ்சம் தவறியிருந்தாலும், கண் உள்ளுக்குள் முயன்று அந்தத் தவற்றை மறைத்துவிடும். பார்ப்பவருக்குப் படம் தெளிவாகவே தெரியும். ஆனால் கண் ஓய்வில்லாமல் உழைத்துக்கொண்டிருக்கும்.

இந்த முயற்சி இரண்டு கண்களிலும் ஒரே அளவில்தான் நடக்கும். இடது கண்ணுக்கு ஒரு டயாப்டர், வலது கண்ணுக்கு ஒன்றுமில்லை என்று பிரித்து முயல நம் கண்களால் முடியாது. வளையம் தவறான இடத்தில் இருந்தால், ஒரு கண் தெளியும்போது மற்றது மங்கும். மூளை இந்தப் படத்துக்கும் அந்தப் படத்துக்குமாக மாறி மாறி அலையும். நெற்றிவலி வருவது இதனால்தான்.

தொலைநோக்கி இந்தச் சிக்கலைப் பெரிதாக்கவும் செய்கிறது. வெகுதூரத்துக்கு ஃபோகஸ் செய்த 8 பவர், அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் பைனாகுலரில் அருகிலுள்ள பொருளைப் பார்த்தால் கண் எவ்வளவு முயல வேண்டியிருக்கும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: எட்டை எட்டால் பெருக்கி, வரும் 64-ஐப் பொருளின் தூரத்தால் வகுக்க வேண்டும். 64 மீட்டர் தூரத்தில் நிற்கும் கொக்குக்கு ஒரு டயாப்டர். அதாவது வெறும் கண்ணால் ஒரு மீட்டரில் உள்ள பொருளைப் பார்க்கும் அளவு முயற்சி. 10 பவர் கருவியில் அதே ஒரு டயாப்டர் 100 மீட்டரிலேயே தேவைப்படும். ஆகவே வளையத்தைச் சரிசெய்யும் நேரத்தில் இரு கண்களும் முற்றிலும் தளர்ந்து, ஓய்வான நிலையில் இருக்க வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இதற்காகவே அமைந்தவை.

சிறுவர்களின் கண் லென்ஸ் மிகவும் நெகிழ்வானது. எந்த நிலையில் வளையத்தை வைத்துக் கொடுத்தாலும் “நல்லாத் தெரியுது” என்பார்கள். அந்தப் பதிலை நம்பக் கூடாது. நாற்பது வயதைக் கடந்து வெள்ளெழுத்து வந்தவர்களுக்குச் சமாளிக்கும் திறன் குறைந்துவிடுவதால், சரியான இடம் சட்டென்று அகப்படும். ஆனால் அவர்களால் சிறிய தவற்றைக்கூடப் பொறுக்க முடியாது.

இடமும் நேரமும்

நுணுக்கமான கோடுகள் உள்ள, அசையாத, நூறு மீட்டருக்கு மேல் தூரத்தில் இருக்கும் ஒரு பொருள் வேண்டும். மொட்டைமாடியிலிருந்து தெரியும் செல்போன் கோபுரத்தின் இரும்புச் சட்டங்களும் ஏணிப்படிகளும் மிகப் பொருத்தமானவை. மதுரைக்குள் நான் பரிந்துரைக்கும் இடம் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். ஏறக்குறைய ஆயிரம் அடி நீளமும் 950 அடி அகலமும் கொண்ட அந்தக் குளத்தின் கரைச்சுவரில் முழங்கைகளை ஊன்றி நின்றால், நடுவிலுள்ள மைய மண்டபம் நூறு மீட்டருக்கும் சற்று அதிகமான தூரத்தில் நேர் எதிரே இருக்கும். அதன் விமானத்திலுள்ள சுதைவேலைப்பாடுகளின் விளிம்புகளும் தூண்களின் கூர்மையான ஓரங்களும் ஃபோகஸ் சரிபார்க்க அருமையான இலக்கு. கைகளுக்கு ஊன்றுகோலாகச் சுவரும் கிடைப்பதால் படம் நடுங்காது. மீனாட்சியம்மன் கோவில் கோபுரச் சுதைகள் தெரியும் மாடி வாய்த்தவர்களுக்கு இன்னும் வசதி.

காலை ஏழு மணியை ஒட்டிய நேரம் சிறந்தது. சித்திரை, வைகாசி மாதங்களில் பத்து மணிக்கே தரையிலிருந்து எழும் வெப்பக் காற்றில் தூரத்துப் பொருள்கள் நெளியத் தொடங்கிவிடும். அந்த நெளிவில் எந்த ஃபோகஸும் சரியாகத் தெரியாது. அந்தி மங்கலிலும் செய்யக் கூடாது. வெளிச்சம் குறைந்தால் பலரது கண் இயல்பாகவே சற்றுக் கிட்டப்பார்வை நிலைக்கு நகர்ந்துவிடும். அப்போது வைத்த ஃபோகஸ் பகலுக்குப் பொருந்தாது. வண்டி ஓட்டி வந்த கையோடு, அல்லது கைபேசியை வெகுநேரம் பார்த்தபின் உடனே ஆரம்பிக்காமல், ஐந்து நிமிடம் தூரத்தைச் சும்மா பார்த்துக்கொண்டிருங்கள். கண் தளரும்.

சூரியன் இருக்கும் திசையில் பைனாகுலரைத் திருப்பவே கூடாது. ஒரு கணம் பட்டாலும் விழித்திரை நிரந்தரமாகக் கெட்டுவிடலாம். வட்டமிட்டு உயரும் பருந்தைத் தொடரும்போது இந்த ஆபத்து அதிகம்.

முதலில் கண் இடைவெளி

வளையத்தைத் தொடும் முன் இரண்டு சின்ன வேலைகள் இருக்கின்றன. இரு குழல்களையும் மடக்கி விரித்து, தெரியும் இரண்டு வட்டங்களும் ஒரே வட்டமாகச் சேரும் இடத்தில் நிறுத்துங்கள். பெரியவர்களின் கருவிழி இடைவெளி பெரும்பாலும் 54 முதல் 74 மில்லிமீட்டருக்குள் இருக்கும். ஓரத்தில் கறுப்புப் பிறை தெரிந்தால் இடைவெளி இன்னும் சரியாகவில்லை. இதைச் செய்யாமல் டயாப்டரைத் தொட்டால் வில்லையின் ஓரம் வழியே பார்த்து ஏமாறுவீர்கள். அடுத்து, கண்ணாடி அணியாமல் பார்ப்பவர்கள் ஐபீஸின் ரப்பர் கப்பைத் திருகி அல்லது நிமிர்த்தி உயர்த்திக்கொள்ள வேண்டும்; கண்ணாடியோடு பார்ப்பவர்கள் அதை முழுக்க இறக்கிவிட வேண்டும்.

சரிசெய்யும் முறை

வளையத்தைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு, வலது முன்வில்லையை, அதாவது பறவையை நோக்கியிருக்கும் பெரிய லென்ஸை, அதன் மூடியால் மூடிவிடுங்கள். மூடி இல்லையென்றால் உள்ளங்கையால் மறைக்கலாம், வில்லையில் விரல் படாமல். வலது கண்ணை இடுக்கி மூடிக்கொண்டு பார்ப்பதே பலரின் பழக்கம். அதை விட்டுவிட வேண்டும். ஒரு கண்ணை இடுக்கும்போது மற்றொரு கண்ணைச் சுற்றியுள்ள தசைகளும் இறுகுகின்றன. நாம் தேடும் ஓய்வுநிலை கெட்டுவிடுகிறது. இரண்டு கண்களும் இயல்பாகத் திறந்தே இருக்கட்டும்.

இப்போது நடுச்சக்கரம். மூன்று நான்கு மீட்டரில் உள்ள ஒரு செடியையோ தூணையோ இடது கண்ணால் தெளிவாக்குங்கள். சக்கரம் எந்தப் பக்கம் திரும்பினால் கிட்டம், எந்தப் பக்கம் திரும்பினால் தூரம் என்று விரல்களுக்குத் தெரிந்துவிடும். சக்கரத்தை அந்தக் கிட்டத்து நிலையிலேயே விட்டுவிட்டு, மைய மண்டபத்தைப் பாருங்கள். முழுக்க மங்கலாக இருக்கும். அங்கிருந்து தூரத்தை நோக்கிச் சக்கரத்தை மெதுவாகத் திருப்பிக்கொண்டே வந்து, சுதையின் விளிம்பு முதன்முதலில் கூர்மையாகும் இடத்தில் நிறுத்துங்கள். அதைத் தாண்டிச் சற்றுத் திருப்பினாலும் படம் தெளிவாகவே இருப்பதாகத் தோன்றும். அந்தத் தெளிவு கண்ணின் சமாளிப்பால் வருவது. கிட்டத்துப் பக்கத்திலிருந்து வரும்போது உண்டாகும் மங்கலைக் கண்ணால் எவ்வளவு முயன்றும் சமாளிக்க முடியாது என்பதால், முதல் தெளிவு கிடைக்கும் இடமே தளர்ந்த கண்ணின் உண்மையான இடம். தாண்டிவிட்டதாகச் சந்தேகம் வந்தால் முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்காமல், மீண்டும் முழு மங்கலுக்குப் போய் வாருங்கள்.

ஒரே மூச்சில் நீண்ட நேரம் உற்றுப் பார்க்கவும் வேண்டாம். சில வினாடிகள் பார்த்து, தீர்மானித்து, கருவியை இறக்கி, வெறும் கண்ணால் வானத்தையோ தூரத்து மரங்களையோ பார்த்துவிட்டு மறுபடி எடுங்கள்.

இடது கண் முடிந்ததும், மூடியை வலது முன்வில்லையிலிருந்து எடுத்து இடது முன்வில்லையில் மாட்டுங்கள். இந்த நொடியிலிருந்து நடுச்சக்கரத்தைத் தொடவே கூடாது. இலக்கும் மாறக் கூடாது, நிற்கும் இடமும் மாறக் கூடாது. சுட்டுவிரல் பழக்கத்தில் சக்கரத்துக்குப் போய்விடும் என்பதால், அந்தக் கையை எடுத்துவிட்டுக் கருவியைக் கீழிருந்து தாங்கிக்கொள்வது நல்லது. டயாப்டர் வளையத்தைப் பிளஸ் பக்கத்துக் கடைசி வரை திருப்புங்கள். மண்டபம் வலது கண்ணுக்கு மங்கலாகிவிடும். அங்கிருந்து மைனஸ் பக்கம் நோக்கி மெதுவாகத் திருப்பி, இடது கண்ணுக்கு எந்த விளிம்பைப் பார்த்தீர்களோ அதே விளிம்பு முதன்முதலில் கூர்மையாகும் இடத்தில் நிறுத்துங்கள்.

வளையத்தின் இடத்தைக் குறித்துக்கொண்டு, மூன்று முறை இதையே முதலிலிருந்து செய்யுங்கள். மூன்றும் ஒரே இடத்தில் விழாது; நடுவில் விழுவதை வைத்துக்கொள்ளலாம். மூன்றும் வெகுதூரம் விலகியிருந்தால் கண் இன்னும் தளரவில்லை என்று பொருள். ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்து மறுபடி தொடங்குவதே மேல்.

சரியாக அமைந்ததா என்று அறிவது

மூடியை எடுத்துவிட்டு, இலக்கைப் பார்த்தபடியே ஒரு முன்வில்லையை உள்ளங்கையால் மாற்றி மாற்றி மறையுங்கள். இரு கண்ணிலும் தெளிவு ஒன்றுபோல் இருக்க வேண்டும். பிறகு தூரத்தை மாற்றிப் பாருங்கள். பத்து மீட்டரில் உள்ள ஒரு மரப்பட்டை, அரைக் கிலோமீட்டரில் உள்ள ஒரு கட்டடம் என எதைப் பார்த்தாலும், நடுச்சக்கரத்தை மட்டும் திருப்பினால் இரு கண்ணும் ஒருசேரத் தெளிய வேண்டும். ஒரு தூரத்தில் பொருந்தி மற்றொன்றில் பொருந்தவில்லை என்றால், சரிசெய்தபோது ஏதோ ஒரு கண் முயன்றிருக்கிறது, அல்லது கருவியின் உள்ளிணைப்பில் தளர்வு இருக்கிறது.

கடைசிச் சோதனையைக் கண்மாயில் செய்யலாம். சாமநத்தம் கண்மாயில் மேயும் நாமக்கோழியின் கறுத்த தலையில் நெற்றிக்கவசம் வெள்ளைவெளேரென்று இருக்கும். வளையம் தவறியிருந்தால் அந்த வெள்ளையைச் சுற்றிப் புகைபோல ஒரு விளிம்பு தெரியும். சரியாக இருந்தால் வெள்ளையும் கறுப்பும் கத்தியால் வெட்டியதுபோலப் பிரிந்து நிற்கும். புள்ளிமூக்கு வாத்தின் அலகு நுனியிலுள்ள மஞ்சளும் இதே வேலைக்கு ஏற்றது. மதுரைக்கு அருகிலுள்ள அரிட்டாபட்டியில் இதன் பயன் இன்னும் நன்றாகப் புலப்படும். 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட, 193.215 ஹெக்டேர் பரப்புள்ள அந்தப் பகுதியின் பாறைச் சரிவுகளில் லகர் வல்லூறும் ஷாகின் வல்லூறும் உண்டு. பாறையின் நிறத்தோடு நிறமாக வெகுதூரத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு வல்லூற்றைப் பாறைக் கறையிலிருந்து பிரித்தறிய, இரு கண்களின் படமும் ஒன்றுசேர்ந்து தரும் தெளிவு முழுக்கத் தேவைப்படுகிறது.

கண்ணாடி அணிபவர்கள்

கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ மட்டும் இருப்பவர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்கலாம். சக்கரமும் வளையமும் சேர்ந்து ஈடுசெய்யும். ஆனால் மைனஸ் பவர் ஐந்து, ஆறுக்கு மேல் போனால், சக்கரத்தைக் கடைசி வரை திருப்பினாலும் வெகுதூரம் தெளியாமல் நின்றுவிடும் கருவிகள் உண்டு. இரு கண் வேறுபாடு வளையத்தின் எல்லையைத் தாண்டினாலும் இதே கதைதான். இவர்கள் கண்ணாடியோடுதான் பார்க்க வேண்டும்.

சிலிண்டர் பவர் (ஒரு திசைக் கோடுகள் தெளிந்தால் மறுதிசைக் கோடுகள் மங்கும் குறைக்கானது) உள்ளவர்களின் நிலை வேறு. அந்தக் குறையை வளையத்தால் எந்த வகையிலும் சரிசெய்ய முடியாது. உங்களுக்கு அது இருக்கிறதா என்று அறிய மின்கம்பம் ஒன்று போதும்: கண்ணாடி இல்லாமல் பைனாகுலரில் ஒரு கண்ணால் பார்க்கும்போது நெடுக்கே நிற்கும் கம்பம் தெளிவாகவும் குறுக்கே ஓடும் கம்பிகள் மங்கலாகவும், அல்லது அதற்கு நேர்மாறாகவும் தெரிந்து, எவ்வளவு திருப்பினாலும் இரண்டும் ஒன்றாகத் தெளியாவிட்டால் சிலிண்டர் குறை இருக்க வாய்ப்பு அதிகம். சிலிண்டர் ஒன்றுக்கு மேல் உள்ளவர்கள் கண்ணாடியைக் கழற்றாமல் பார்ப்பதே நல்லது என்பது என் கருத்து.

கண்ணாடியோடு பார்க்க, கண்ணுக்கும் ஐபீஸுக்கும் இடையே போதிய இடம் விட்ட கருவி தேவை. விவரக்குறிப்பில் ஐ ரிலீஃப் என்ற இடத்தில் 15 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கிறதா என்று வாங்கும் முன் பாருங்கள். குறைந்தால் காட்சியின் ஓரங்கள் வெட்டுப்படும். மேலே தூரத்துக்கும் கீழே வாசிப்புக்குமாக இரு பவர் உள்ள பைஃபோகல் கண்ணாடி அணிபவர்கள் மேல்பாதி வழியாகத்தான் பார்க்க வேண்டும். வாசிப்புக்கு மட்டும் பிளஸ் கண்ணாடி போடுகிறவர்களுக்கு பைனாகுலரில் அது தேவையே இல்லை. கண்ணாடியோடும் சில நாள், இல்லாமலும் சில நாள் என்று மாற்றி மாற்றிப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் ஃபோகஸ் நிலை மாறும். ஏதேனும் ஒன்றில் நிலைத்துவிடுங்கள்.

புரை அறுவைக்குப் பின்

1976-இல் டாக்டர் வெங்கடசாமி அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய ஊர் மதுரை. 1992-இல் தொடங்கிய ஆரோலேப் உள்விழி லென்ஸ்களை இங்கேயே தயாரிக்கிறது. பறவை பார்க்க வரும் மூத்தவர்களில் பலர் அந்த லென்ஸ் வைத்துக்கொண்டவர்கள் என்பதால் இதைத் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. வழக்கமான ஒற்றைக் குவிய லென்ஸ் கண்ணுக்குள் வடிவம் மாறாது. எனவே அந்தக் கண்ணுக்குச் சமாளிக்கும் திறன் இல்லை. ஃபோகஸ் துல்லியமாக அமைய வேண்டும், அமைந்தால் மிகத் தெளிவாக இருக்கும். ஒரு கண்ணில் மட்டும் அறுவை முடிந்திருந்தால் இரு கண் வேறுபாடு முன்பு இருந்ததைவிடக் கணிசமாக மாறியிருக்கும். பழைய வளைய நிலையை மறந்துவிட்டு, மருத்துவர் கண் முழுக்கத் தேறியதாகச் சொன்னபின் புதிதாகச் செய்யுங்கள். இரண்டாவது கண்ணுக்கு அறுவை ஆனதும் மீண்டும் ஒருமுறை செய்ய வேண்டும்.

முறையாகச் செய்தும் சரிவராவிட்டால்

படம் இரண்டாகத் தெரிந்தால், இரு குழல்களும் ஒரே திசையைப் பார்க்கவில்லை என்று பொருள். கீழே விழுந்த கருவிகளில் இது சாதாரணம். டயாப்டரைத் திருப்பிப் பயனில்லை; பழுது பார்ப்பவரிடம்தான் கொடுக்க வேண்டும். இரட்டைப் படத்தை இழுத்துப் பிடித்து ஒன்றாக்கிப் பார்ப்பது கண்ணுக்குப் பெரும் சுமை.

விலை குறைந்த போரோ வகைக் கருவிகளில் (முன்வில்லைகள் ஐபீஸ்களைவிட அகன்று விலகியிருக்கும் பழைய வடிவம்) இன்னொரு தொல்லை உண்டு. இரு ஐபீஸ்களையும் தாங்கும் குறுக்குப் பாலம் மெலிந்திருப்பதால், முகத்தில் அழுத்தும்போது ஒரு பக்கம் சாய்ந்து ஃபோகஸ் மாறிவிடும். ஐபீஸை விரலால் மெல்ல அழுத்தி, அது உள்ளே நகர்கிறதா என்று பாருங்கள். நகர்ந்தால், புருவ எலும்பில் லேசாகச் சாய்த்துப் பிடித்து, ஒவ்வொரு முறையும் ஒரே அழுத்தத்தில் பார்க்கப் பழக வேண்டும்.

ஒரு கண் மட்டும் எந்நிலையிலும் தெளியவில்லை என்றால் முதலில் வில்லையைப் பாருங்கள். தூசியை ஊதுகுமிழால் ஊதிவிட்டு, பிறகே மென்துணியால் துடைக்க வேண்டும். கண்மாய்க்கரைப் புழுதியோடு சட்டை நுனியால் துடைத்தால் பூச்சு கீறிவிடும். வில்லை சுத்தமாக இருந்தும் அந்தக் கண்ணில் மங்கல் தொடர்ந்தால் கண் மருத்துவரைப் பாருங்கள்.

கண்டறிந்த நிலையைக் காப்பது

வளையம் பையில் உரசித் தானாகத் திரும்பிவிடுவது அன்றாடம் நடப்பது. பூட்டு உள்ள வளையமாக இருந்தால் பூட்டிவிடுங்கள். இல்லையென்றால், கண்டறிந்த நிலையில் வளையத்துக்கும் குழலுக்கும் குறுக்கே நகப்பூச்சால் ஒரு மெல்லிய கோடு போட்டு, அதன்மேல் துணி நாடாவை ஒருசுற்றுச் சுற்றலாம். கோடு விலகியிருந்தால் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். வீட்டில் பலர் ஒரே கருவியைப் பயன்படுத்தினால் ஆளுக்கொரு நிறத்தில் கோடு போட்டுக்கொள்ளலாம். கண் இடைவெளிக்கான எண் நடு மடக்கில் பொறிக்கப்பட்டிருந்தால் அதையும் குறித்து வையுங்கள். முக்காலியில் நிற்கும் ஒற்றைக்கண் ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் இந்த வேலை எதுவும் இல்லை. அங்கே வரிசையில் வரும் ஒவ்வொருவரும் தம் கண்ணுக்கு ஏற்ப ஃபோகஸைத் திருப்பிக்கொண்டால் போதும். கண்ணாடியின் பவர் மாறும்போதெல்லாம், மாறாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறையாவது, வலசைப் பறவைகள் வந்து சேரும் ஐப்பசிக்கு முன்பாக மேற்சொன்ன முறையை முதலிலிருந்து செய்து பாருங்கள்.